267 என்னும் எண்ணும் பட்டியலுக்கு முந்தைய உரோமையும்

2025 மே 8 அன்று பதினான்காம் லியோ தேர்ந்தெடுக்கப்பட்டபோது, அவர் 267ஆவது திருத்தந்தை என்று நாளேடுகள் எழுதின. எண்ணாக இருப்பதாலேயே அது விவாதத்துக்கு அப்பாற்பட்ட செய்திபோலத் தோற்றமளிக்கிறது. உண்மையில் அது ஒரு வாதம். பேதுருவை முதலாமவராக வைத்து எண்ணத் தொடங்கினால்தான் 267 கிடைக்கும். உரோமை ஆயர்களின் வரிசையை முழுமையாகத் தரும் மிகப் பழைய நூல் அப்படித் தொடங்கவில்லை. ஏறத்தாழ 180இல் லியோன் நகர ஆயர் இரேனேயு எழுதிய ‘தப்பறைகளுக்கு எதிராக’ என்னும் அந்நூலின்படி, பேதுருவும் பவுலும் இணைந்து உரோமைச் சபையை நிறுவினர்; பின்னர் ஆயர் பணியை லீனுவிடம் ஒப்படைத்தனர். எண்ணிக்கை லீனுவிலிருந்து தொடங்குவதால் சிக்ஸ்து அவருக்கு ஆறாமவர். அவர் காலத்தில் பணியிலிருந்த எலூத்தேரு பன்னிரண்டாமவர். இன்றைய அதிகாரபூர்வ வரிசையில் அதே சிக்ஸ்து ஏழாமவர், எலூத்தேரு பதின்மூன்றாமவர். வேறுபாடு ஒன்றுதான். ஆனால் அந்த ஒன்றில் இரண்டு செயல்கள் நடந்து முடிந்திருக்கின்றன: சபையை நிறுவிய திருத்தூதர் அச்சபையின் முதல் ஆயராக மாற்றப்பட்டிருக்கிறார், உடன் நிறுவிய பவுல் வரிசையிலிருந்து ஓசையின்றி வெளியேறியிருக்கிறார்.

இந்த மாற்றத்தைக் காணாமல் கடந்துபோகும் வரலாற்றெழுத்து இன்று இரண்டு வகையாகக் கிடைக்கிறது. முதலாவது, பேதுரு முதல் போப், அவருக்குப்பின் அறுபடாத சங்கிலி என்று சாதிக்கும் சமயத் தரப்பு வாதம். இரண்டாவது, போப் என்ற பதவியே கான்ஸ்டன்டைன் பேரரசர் அரசியல் தேவைக்காகப் படைத்தது என்று சொல்லி முடித்துவிடும் ‘விமர்சன’ வாதம். இரண்டாவது தன்னைப் பகுத்தறிவின் பக்கம் நிறுத்திக்கொள்வதால் கல்விப்புலத்தில் அதற்குக் கேள்வியற்ற மதிப்பு கிடைத்துவிடுகிறது. ஆதாரங்களின் முன் இரண்டும் ஒரே அளவில் தோற்கின்றன. தோற்கும் காரணமும் ஒன்றே. ஒரு பதவி ஒரு நாளில், ஒருவர் கையால், முழு வடிவில் வழங்கப்பட்டிருக்க வேண்டும் என்று இரண்டுமே நம்புகின்றன. கொடுத்தவர் கிறித்துவா, கான்ஸ்டன்டைனா என்பதில் மட்டுமே அவற்றுக்குள் பிணக்கு.

முதல் தரப்பை எடுத்துக்கொள்வோம். 50களின் பிற்பகுதியில் பவுல் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் இறுதி அதிகாரம் இருபதுக்கும் மேற்பட்டவர்களைப் பெயர் சொல்லி வாழ்த்துகிறது. பிரிஸ்கா, அக்கிலா இணையரின் வீட்டில் கூடும் சபை அதில் வருகிறது. வேறு சில வீட்டுக் குழுக்களும் தென்படுகின்றன. பேதுருவின் பெயர் இல்லை. அவர் அப்போது உரோமைக்கு வந்திருக்கவில்லை என்று விடை சொல்லலாம். அது நியாயமான விடைதான். அவர் பின்னர் உரோமைக்கு வந்தார், நீரோவின் காலத்தில் அங்கே கொல்லப்பட்டார் என்ற மரபு பழமையானது. அதை மறுக்கும் போட்டி மரபு எதுவும் பண்டைக் காலத்தில் இல்லை. சிக்கல் பேதுருவின் வருகையிலோ மரணத்திலோ இல்லை. அவர் இறந்தபின் அந்நகரில் ‘ஓர் ஆயர்’ என்று ஒருவர் இருந்தாரா என்பதே கேள்வி.

முதல் நூற்றாண்டின் இறுதியில் எழுதப்பட்டதாகக் கருதப்படும் ‘கிளமெந்தின் முதல் திருமுகம்’ இங்கே முதன்மைச் சான்று. கொரிந்து சபையில் மூப்பர்கள் சிலரை இளையவர்கள் பணிநீக்கியதைக் கண்டித்து உரோமையிலிருந்து எழுதப்பட்ட நீண்ட மடல் அது. திருத்தந்தையின் அதிகாரம் முதன்முதலாகச் செயற்பட்ட தருணம் என்று சமயவாதிகள் கொண்டாடுவது இதைத்தான். மடலைத் திறந்து பார்த்தால், கிளமெந்து என்ற பெயர் எங்குமே இல்லை. உரோமையில் தங்கியிருக்கும் கடவுளின் சபை, கொரிந்தில் தங்கியிருக்கும் கடவுளின் சபைக்கு எழுதுகிறது. தொடக்கம் முதல் இறுதி வரை ‘நாங்கள்’ என்றே பேச்சு. மேற்பார்வையாளர் என்ற சொல்லும் மூப்பர் என்ற சொல்லும் ஒரே பணியைக் குறிக்க மாறிமாறி வருகின்றன. பேதுருவும் பவுலும் துன்புற்று மாண்ட சான்றோராக நினைவுகூரப்படுகின்றனர்; அவர்களில் ஒருவருடைய இருக்கையில் அமர்ந்து பேசுவதாக எழுதுபவர் எவரும் சொல்லவில்லை. பணிநீக்கம் பற்றிய வழக்கில், திருத்தூதர் வழிவரும் பணியின் தொடர்ச்சியே வாதத்தின் நடுவாக இருக்கும் மடலில், எழுதுபவருக்கே அத்தகைய தனியுரிமை இருந்திருந்தால் அதைச் சொல்லாமல் விட எந்தக் காரணமும் இல்லை.

மௌனம் சான்றாகாது என்பார்கள். பொதுவிதியாக அது சரி. ஆனால் பேசியே ஆகவேண்டிய இடத்தில் நிகழும் மௌனத்துக்கு எடை உண்டு. அந்தியோக்கியாவின் இஞ்ஞாசியார் அதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. இரண்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில், கைதியாக உரோமைக்குக் கொண்டுசெல்லப்படும் வழியில் அவர் எழுதிய ஏழு மடல்கள் எஞ்சியுள்ளன. ஆயர் இல்லாமல் எதுவும் செய்யாதீர்கள் என்பது அவருடைய ஓயாத வற்புறுத்தல். எபேசு ஆயர் ஒனேசிமுவையும் மக்னேசியா ஆயர் தமாசையும் திரால்லெஸ் ஆயர் பொலிபியுவையும் பெயர் சொல்லிப் போற்றுகிறார். சிமிர்னா ஆயர் பொலிக்கார்ப்புக்குத் தனி மடலே எழுதுகிறார். உரோமைக்கு எழுதும்போது மட்டும் அந்தப் பேச்சே இல்லை. உரோமைச் சபையை அவர் வானளாவப் புகழ்கிறார். அன்பில் தலைமை தாங்குவது என்கிறார். பேதுருவையும் பவுலையும்போல் தாம் கட்டளையிட முடியாது என்று பணிவோடு சொல்கிறார். ஆனால் அந்நகரின் ஆயருக்கு ஒரு வணக்கம்கூட இல்லை. அந்த மடலில் வரும் ஒரே ஆயர், சிரியாவின் ஆயரான அவரே. ஆயர் பதவியின்மீது இத்தனைப் பற்றுள்ள ஒருவர், அப்பதவியின் உச்சமாகச் சொல்லப்படும் ஒருவரை மறந்துவிட்டார் என்று நம்புவதற்கு அசாதாரணமான விசுவாசம் தேவை.

உரோமைக்குள்ளிருந்து வரும் குரல்களும் இதையே உறுதிசெய்கின்றன. இரண்டாம் நூற்றாண்டில் அங்கேயே எழுதப்பட்ட ஹெர்மாவின் ‘மேய்ப்பன்’ சபைக்குத் தலைமை தாங்கும் மூப்பர்களைப் பன்மையில் குறிப்பிடுகிறது. அதில் வரும் கிளமெந்துக்கு உரிய வேலை, நூலின் படியை வெளியூர்ச் சபைகளுக்கு அனுப்புவது. அதாவது, சபையின் கடிதப் போக்குவரத்தைக் கவனிப்பவர். 165ஐ ஒட்டி மரண தண்டனை பெற்ற ஜஸ்தீன், எங்கே கூடுகிறீர்கள் என்று விசாரித்த நகர ஆளுநரிடம், தாம் குடியிருக்கும் குளியலக மாடியைத் தவிர வேறு கூடுமிடம் எதையும் அறியேன் என்று சொன்னதாக அவருடைய மறைசாட்சிக் குறிப்பு பதிந்திருக்கிறது. பிறரைக் காட்டிக்கொடுக்காமலிருக்கச் சொன்ன பதிலாகவும் அது இருக்கலாம். ஆயினும் சிதறிய வீட்டுக் குழுக்களின் கூட்டு என்ற சித்திரத்தோடு அது பொருந்திப்போகிறது. பேதர் லாம்பெ 1987இல் வெளியிட்ட ஆய்வு, கல்வெட்டுகள், கல்லறைகள், நகரின் எந்தெந்தப் பகுதிகளில் கிறித்தவர் வாழ்ந்தனர் என்ற தடயங்கள் அனைத்தையும் தொகுத்து இச்சித்திரத்தை உறுதியாக நிறுவியது.

இதைச் சொல்பவர்கள் திருச்சபையின் பகைவர்கள் என்று ஒதுக்கும் வழியும் அடைபட்டுவிட்டது. 1983இல் ‘அந்தியோக்கியாவும் உரோமையும்’ நூலில் இதே திசையில் எழுதிய ரேமண்ட் பிரவுன் கத்தோலிக்கக் குரு. திருத்தந்தையரின் வரலாற்றை எழுதிய ஈமன் டஃபி கத்தோலிக்கர். இன்னும் பின்னே சென்றால், 1845இலேயே நியூமன், திருத்தந்தையின் அதிகாரம் தேவை எழுந்தபோது மலர்ந்த வளர்ச்சி என்று வாதிட்டுத்தான் கத்தோலிக்கத்தைத் தழுவினார். அவர் விளக்க முயன்ற வளர்ச்சியை, அவர் பெயரைச் சொல்பவர்களே இன்று மறுப்பது வேடிக்கை.

அப்படியென்றால் பட்டியல் எங்கிருந்து வந்தது? தேவையிலிருந்து வந்தது. 140களில் வலந்தீனும் மார்சியோனும் உரோமையிலேயே போதித்துக்கொண்டிருந்தனர். தமக்குத் திருத்தூதர்களின் மறைவான போதனை வழிவழியாகக் கிடைத்ததாக ஞானவாதக் குழுக்கள் உரிமை கொண்டாடின. மெய்யியல் பள்ளிகள் தம் ஆசிரியர் வரிசையைக் காட்டிப் பெருமை பேசிய காலம் அது. இவற்றுக்கு விடையாக, போதனை ஒளிவுமறைவின்றி யார்யார் கைவழி வந்தது என்று பெயர்களை அடுக்கிக் காட்ட வேண்டியிருந்தது. அனிசேது காலத்தில் உரோமைக்கு வந்த ஹெகெசிப்பு தாம் ஒரு வரிசையைத் தொகுத்ததாக எழுதியதை யூசேபியு பாதுகாத்திருக்கிறார். இரேனேயு அதே வேலையை விரிவாகச் செய்தார். பெயர்கள் கற்பனையாக இருக்கவேண்டியதில்லை. லீனுவும் கிளமெந்தும் உரோமையில் மதிக்கப்பட்ட மூப்பர்களாக இருந்திருப்பார்கள். ஒருவருக்குப் பக்கத்தில் ஒருவராக அமர்ந்திருந்தவர்களை ஒருவருக்குப் பின் ஒருவராக நிற்கவைத்ததே பட்டியல் செய்த வேலை.

இதற்கு இரேனேயுவே சாட்சி. 190களில், பாஸ்கா நாள் பற்றிய பிணக்கில் ஆசிய மாகாணச் சபைகள் அனைத்தையும் ஒன்றிப்பிலிருந்து வெட்டிவிட உரோமையின் விக்டர் முனைந்தபோது, அவரைக் கண்டித்து இரேனேயு மடல் எழுதினார். அதில் அனிசேது, பியுஸ், ஹிஜினு, தெலெஸ்பொரு, சிக்ஸ்து ஆகியோரை, விக்டர் இப்போது நடத்தும் சபைக்கு முன்னர்த் தலைமை தாங்கிய ‘மூப்பர்கள்’ என்றே அழைக்கிறார். தப்பறையாளருக்கு எதிரான நூலில் ஆயர்களாக வரிசைப்படுத்தப்பட்ட அதே மனிதர்கள்தாம். சொல் ஒன்றை வைத்து மாளிகை கட்டக்கூடாது என்று எதிர்வாதம் வரலாம். மாளிகை கட்டியவர்கள் யார் என்பதைத்தான் இங்கே கேட்கவேண்டியிருக்கிறது. பட்டியல்களின் இடறல்கள் வேறு இருக்கின்றன. இரேனேயுவுக்குக் கிளமெந்து லீனு, அனக்லேது இருவருக்கும் அடுத்தவர்; சில ஆண்டுகளுக்குப்பின் எழுதிய தெர்த்துலியனுக்கோ அவர் பேதுருவாலேயே நியமிக்கப்பட்டவர். 354ஆம் ஆண்டு நாட்குறிப்பில் உள்ள பட்டியல், ஒரே மனிதரான அனக்லேதுவைக் கிலேது, அனக்லேது என இருவராகப் பிரித்து, பேதுருவுக்கு இருபத்தைந்து ஆண்டு ஆயர் பணியையும் கிறித்து உயிர்த்த ஆண்டிலிருந்தே கணக்கிட்டுக் கொடுத்துவிட்டது.

இனி மறுதரப்பு. போப் பதவியைக் கான்ஸ்டன்டைன் படைத்தார் என்றால், அவருக்கு ஏறத்தாழ 120 ஆண்டுகள் முன்பே தொலைதூர மாகாணத்தையே வெட்டிவிட முனைந்த விக்டரை எங்கே வைப்பது? விக்டர் அதில் வெல்லவில்லை என்பது உண்மை. ஆனால் முயலும் துணிவு எங்கிருந்தோ வந்திருக்கவேண்டும். அந்த ‘எங்கிருந்தோ’ மிகச் சாதாரணமான இடம்: பணப்பெட்டி. 170 அளவில் கொரிந்து ஆயர் தியோனீசியு, உரோமை ஆயர் சொத்தேருவுக்கு எழுதிய மடலில், எல்லா ஊர்ச் சபைகளுக்கும் உதவி அனுப்புவதும் சுரங்கங்களில் தண்டனை அனுபவிக்கும் உடன்பிறப்புகளைத் தாங்குவதும் உரோமையின் தொன்றுதொட்ட வழக்கம் என்று நன்றி சொல்கிறார். அப்படிச் சார்தீனியச் சுரங்கத்துக்கு அனுப்பப்பட்டவர்களில் ஒருவர் கலிஸ்து. அடிமையாகப் பிறந்து, எசமானுக்காக நடத்திய வட்டிக்கடையில் நொடித்துப்போனவர். பேரரசர் கொம்மோதுவின் ஆசைநாயகி மார்சியா கிறித்தவக் கைதிகளின் விடுதலைக்காக விக்டரிடம் பெயர்ப்பட்டியல் கேட்டு வாங்கினாள் என்று, ஹிப்போலித்துவின் பெயரில் வழங்கும் நூல் சொல்கிறது. கலிஸ்துவின் பெயர் அப்பட்டியலில் இல்லை. எப்படியோ விடுபட்டு வந்துவிட்டார். பின்னர்ச் சபையின் கல்லறை நிலத்துக்குப் பொறுப்பாளராகி, 217இல் ஆயரும் ஆனார். எழுதியவர் கலிஸ்துவின் கடும் பகைவர் என்பதால் வசைகளைத் தள்ளிவிட்டே படிக்கவேண்டும். தள்ளியபிறகும் எஞ்சுவது இது: அரண்மனைவரை எட்டும் தொடர்பு, பொதுக் கல்லறை, பொது நிதி, அவற்றை நிர்வகிக்க ஒரு கை. ஓராயர் ஆட்சி உரோமையில் இறையியலின் தலைவாசல் வழியாக நுழைந்ததாகத் தெரியவில்லை. கணக்குப் புத்தகத்தின் வழியாகவே வந்தது.

251இல் கொர்னேலி என்ற ஆயர் அந்தியோக்கியாவுக்கு எழுதிய மடலில் தம் சபையின் கணக்கையே தருகிறார்: 46 மூப்பர்கள், 7 திருத்தொண்டர்கள், 7 துணைத் திருத்தொண்டர்கள், 42 பீடத்துணைவர்கள், பேயோட்டுவோரும் வாசகரும் வாயில்காப்போருமாக 52 பேர், உதவிபெறும் கைம்பெண்களும் ஏழைகளும் 1500க்கு மேல். இது தலைமறைவுக் குழுவின் கணக்கன்று. 272ஐ ஒட்டி, பதவி பறிக்கப்பட்ட சமோசாத்தா பவுல் அந்தியோக்கியாவின் சபைக் கட்டடத்தைக் காலிசெய்ய மறுத்த வழக்கு ஔரேலியன் பேரரசரிடம் போனது. கிறித்தவரல்லாத அவர், இத்தாலியிலும் உரோமை நகரிலும் உள்ள ஆயர்கள் யாரோடு மடல் தொடர்பு வைத்திருக்கிறார்களோ அவர்களுக்கே கட்டடம் என்று தீர்ப்பளித்தார். கான்ஸ்டன்டைன் அப்போது குழந்தையாக இருந்திருந்தால் வியப்பில்லை.

அவர் ஆட்சிக்கு வந்தபின் உரோமை ஆயருக்குக் கட்டடங்களும் நிலவருவாயும் கிடைத்தன, இதில் ஐயமில்லை. ஆனால் அதிகாரம்? தொனாத்து பிரிவினருக்கு எதிராக 313இல் உரோமை ஆயர் மில்த்தியாது வழங்கிய தீர்ப்பை இறுதி என ஏற்காமல், மறுவிசாரணைக்காக 314இல் ஆர்ல் நகரில் புதிய சங்கத்தைக் கூட்டியவர் கான்ஸ்டன்டைன்தான். 325இல் நீசேயாச் சங்கத்தைக் கூட்டியவரும் அவர்தான். உரோமை ஆயர் சில்வெஸ்தர் போகவே இல்லை, இரு மூப்பர்களை அனுப்பிவைத்தார். மேற்கின் முழு ஆட்சியையும் கான்ஸ்டன்டைன் போப்புக்கு அளித்ததாகச் சொல்லும் ஆவணம் எட்டாம் நூற்றாண்டுப் போலி. 1440இல் லொரென்ஸோ வல்லா அதன் இலத்தீன் நடையைக் கொண்டே அதைத் தோலுரித்தார். போப்பின் அதிகாரத்தைக் கான்ஸ்டன்டைன் கொடுத்தார் என்று இன்று முழங்கும் விமர்சகர், இடைக்காலப் போப்புகளுக்கு ஆதரவாகப் புனையப்பட்ட பொய்யின் சாரத்தையே, ஏளனத் தொனியைச் சேர்த்து, மறுபடியும் ஓதிக்கொண்டிருக்கிறார்.

இவ்வளவுக்கும் நடுவே, பேதுருவின் பாறைமீது சபையைக் கட்டுவதாகச் சொல்லும் மத்தேயு 16ஆம் அதிகார வசனம் எங்கே இருந்தது? உரோமையின் சிறப்பை இரேனேயு நிறுவும் பகுதியில் அது இல்லை. அவ்வசனத்தின் பேரிலும் பேதுருவின் இருக்கையின் பேரிலும் உரோமை ஆயர் ஒருவர் பிறருக்குக் கட்டளையிட முயன்றதற்கான தெளிவான தடயம் 256இல்தான் கிடைக்கிறது. தப்பறையாளர் கொடுத்த திருமுழுக்கு செல்லுமா என்ற பிணக்கில் ஸ்தேபான் தம் இருக்கையின் பெருமையைப் பறைசாற்றுவதாக, கப்பதோக்கியாவின் பிர்மிலியான் சினந்து எழுதுகிறார். அவ்வாண்டு கார்த்தேஜில் கூடிய 87 ஆயர்கள் முன்னிலையில், தம்மில் எவரும் தம்மை ஆயர்களின் ஆயராக ஆக்கிக்கொள்வதில்லை என்று சிப்ரியான் அறிவித்தார். பேதுருவின்மீது கட்டப்பட்ட ஒற்றுமையை வேறு இடத்தில் அவரே உயர்த்திப் பேசியவர். ஆனால் அந்த இருக்கை அவர் கண்ணில் ஒவ்வோர் ஆயருக்கும் உரியது. சிப்ரியானுக்கு உரோமை மூப்பர்களும் திருத்தொண்டர்களும் எழுதிய மடல் ஒன்று அவரை ‘பாப்பா’ என்று விளித்தே தொடங்குகிறது. ஒரு காலத்தில் உரோமையின் குருக்களே கார்த்தேஜ் ஆயரை அழைத்த பெயர்தான் ‘போப்’.

வசனம் உரம் பெற்றது நான்காம் நூற்றாண்டின் இறுதியில். காரணம் உரோமையின் வலிமையன்று, அச்சம். பேரரசின் தலைநகர் கிழக்கே பெயர்ந்துவிட்டது. 381இன் சங்கம், கான்ஸ்டன்டினோபிள் புதிய உரோமை என்பதால் அதன் ஆயருக்கு இரண்டாம் இடம் என்று விதித்தது. நகரின் பெருமையே காரணம் என்றால், நகர் தேயத்தேய ஆயரும் தேயவேண்டும். தமாசுவும் சிரீசியும் பேதுருவைப் பற்றிக்கொண்டது அப்போதுதான். 366இல் தமாசு பதவியேற்றபோது நடந்த மோதலில் ஒரே நாளில் ஒரு பேராலயத்தில் 137 பிணங்கள் கிடந்ததாக அம்மியானு மார்செல்லினு பதிந்திருக்கிறார். அந்த இருக்கைக்கு அதற்குள் என்ன விலை ஏறியிருந்தது என்பது அதில் தெரியும். 451இல் கால்செதோன் சங்கம் தன் 28ஆம் விதியில், பழைய உரோமைக்குத் தந்தையர் முதன்மை தந்தது அது ஆட்சி நகர் என்பதாலேயே என்று வெளிப்படையாக எழுதியது. முதலாம் லியோ அவ்விதியை ஏற்க மறுத்தார். பேதுருவின் தகுதியற்ற வாரிசு என்று தம்மை அழைத்துக்கொண்ட அவரிடம்தான், பேதுருவின் அதிகாரம் சட்டப்படி வாரிசுக்கு முழுமையாகச் செல்கிறது என்ற கருத்து திருத்தமான வடிவம் பெறுகிறது.

இது ஐரோப்பாவின் பழங்கதை, நமக்கென்ன என்று கேட்பவர்கள் கேரளத்தின் உதயம்பேரூரை நினைத்துப் பார்க்கலாம். 1599 ஜூனில் கோவாவின் பேராயர் மெனெசிஸ் அங்கே கூட்டிய சங்கம், தோமாவின் வழி வேறு, பேதுருவின் வழி வேறு என்ற மலபார்க் கிறித்தவர்களின் எண்ணத்தைத் தப்பறையென்று கண்டித்தது. பாபிலோன் மறைமுதுவரின் பெயரை வழிபாட்டில் சொல்லக்கூடாது என்றது. சிரியாக் நூல்களைத் திருத்தவும் எரிக்கவும் ஆணையிட்டது. அக்கிறித்தவர்கள் போப்பைப் பழித்தவர்கள் அல்லர். ஒவ்வொரு திருத்தூதரின் சபைக்கும் அதனதன் மரபு உண்டு என்று மட்டுமே அவர்கள் கருதினர். எபேசுவின் பொலிக்கிராத்து தம் மாகாணத்தில் துயிலும் திருத்தூதர்களைச் சுட்டி விக்டருக்கு மறுமொழி எழுதியதும், கார்த்தேஜில் சிப்ரியான் பேசியதும் ஏறத்தாழ அதே கருத்தைத்தான். 54 ஆண்டுகள் கழித்து, 1653 ஜனவரியில், மட்டாஞ்சேரியில் கூனன் சிலுவையைப் பற்றிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவர்களின் வழித்தோன்றல்கள் இயேசு சபைப் பேராயருக்கு இனிப் பணிவதில்லை என்று சூளுரைத்தார்கள். அதே ஆண்டு மே மாதம் ஆலங்காட்டில் பன்னிரு குருக்கள் கூடித் தம்மில் ஒருவரான தலைமைத் திருத்தொண்டர் தோமாவின் தலைமீது கைகளை வைத்து, அவரைத் தங்கள் ஆயராக்கிக்கொண்டனர்.